சொந்த மேப்பா, ஆண்ட்ராய்டா, ஃபோன் இணைப்பா: காருக்கு எந்த நேவிகேஷன் ஸ்டீரியோ?

இந்த மூன்று ரகத்தையும் வெவ்வேறு காலத்தில் என் கார்களில் மாட்டி ஓட்டியிருக்கிறேன். ஒன்றைக் கடையில் மாட்டிக் கொடுத்தார்கள், மற்ற இரண்டையும் நானே மாட்டினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேப் ஃபோனிலேயே இருக்கட்டும், அந்த ஃபோனை ஒழுங்காகத் திரைக்குக் கொண்டுவருகிற ஸ்டீரியோ போதும், பெரிய திரைக்கு ஒதுக்கிய பணத்தை வயர்களை இணைக்கும் கப்ளர், டாஷ்போர்டில் ஸ்டீரியோவைப் பொருத்தும் ஃப்ரேம், ஆன்டெனா, மைக் இவற்றில் போடுங்கள்.

சொந்த மேப் உள்ள ரகத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, அதில் ஒரு விஷயம் உண்மையிலேயே அருமை. மேப் முழுவதும் ஸ்டீரியோவின் நினைவகத்திலோ எஸ்டி கார்டிலோ இருப்பதால் நெட்வொர்க் கிடைக்காத மலைப்பாதையிலும் வழி காட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை இப்போது ஃபோனிலும் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துச் செய்துவிடலாம். நான் சொல்வது சுரங்கப்பாதையை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அவற்றின் சிக்னல் காருக்கு வந்து சேரும்போது மிகவும் மெலிந்திருக்கும், நாம் இருக்கும் இடத்தைக் கணிக்க அதில் குறைந்தது 4 செயற்கைக்கோள்களாவது கிடைக்க வேண்டும். சுரங்கத்துக்குள் போனால் ஒன்றுகூடக் கிடைக்காது. அப்போது நல்ல ஸ்டீரியோ என்றால் காரின் ஸ்பீடு வயரில் வரும் துடிப்பையும் உள்ளே இருக்கும், திரும்புவதை உணர்கிற கைரோ சென்சாரையும் வைத்து எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தானே கணக்குப் போட்டு அம்புக்குறியை நகர்த்திக்கொண்டே இருக்கும். சுரங்கத்துக்குள்ளேயே சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இதன் மதிப்பு புரியும். ஆனால் அந்த ஸ்பீடு வயரைக் காரின் வயரோடு இணைத்திருந்தால்தான் இது நடக்கும், பல இடங்களில் அதை மடக்கி டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். கடையில் மாட்டும்போது இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

இந்த ரகத்தின் பலவீனம் மேப்பின் வயதுதான். கார் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், அதுவரை மேப் புதுப்பிப்பு வருமா என்பது கம்பெனியின் கையில். அது நின்றுவிட்டால் புதிய மேம்பாலத்தில் நீங்கள் போகும்போது திரையில் கார் வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். அந்த நிலை வந்த பிறகு நானே என் ஸ்டீரியோவில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு, வழிக்கு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு எதற்கு அந்த ஸ்டீரியோ?

அடுத்தது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, அதாவது ஒரு டேப்லெட்டையே டாஷ்போர்டில் பதித்தது போன்றது. 9 இஞ்ச், 10 இஞ்ச் திரை, எந்த ஆப் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கடையில் பார்க்கும்போது இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வாங்கி இரண்டு வருடம் ஆனதும்தான் கதை மாறுகிறது: ஆப்கள் பெருத்துக்கொண்டே போகும், ராம் அப்படியே இருக்கும், ரூட்டை மாற்றச் சொன்னால் யோசித்துக்கொண்டிருக்கும். அமைப்புத் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்டு எண்ணையே மாற்றி எழுதி விற்கிற மலிவு மாடல்களும் உண்டு, ராம் எவ்வளவு என்று காட்டுவதையும் அப்படியே நம்ப முடியாது. நேரடி மேப்புக்கு ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட்டோ தனி சிம்மோ வேண்டும். வெயிலில் பூட்டிக் கிடந்த காரில் திரையும் சிப்பும் சூடாகி மெதுவாகும். சரி, இதிலும் நல்லவை இருக்கின்றன, ராம் 4 ஜிபிக்குக் குறையாமல், உள்ளே சின்ன ஃபேனோ சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கோ இருப்பதாகப் பார்த்து எடுத்தால் ஓரளவு காலம் தள்ளலாம். பின்சீட்டுக் குழந்தைகளுக்கு வீடியோ, காரின் உடன்பிறந்த திரையில் கிடைக்காத ஆப் என்று குறிப்பான தேவை இருக்கிறவர்களுக்கு இதுதான் சரி. வழி பார்க்க மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, ஃபோனைத் திரைக்குக் கொண்டுவரும் ரகம். ஐஃபோனுக்கான ஆப்பிள் கார்ப்ளே 2014-லும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-லும் வந்தன, இப்போது பயனியர், கென்வுட், சோனி, அல்பைன் எல்லாருமே இந்த வசதியோடு ஸ்டீரியோ தருகிறார்கள். இதில் யோசிக்கிற வேலை முழுவதும் ஃபோனுடையது. நீங்கள் ஃபோனை மாற்றினால் காரின் நேவிகேஷனும் புதிதாகிவிடுகிறது, நான் இதன் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஒரு காரணமே போதும். குறுக்கு வழியில் போகச் சொல்வது, முன்னால் நெரிசல் என்று எச்சரிப்பது எல்லாம் ஃபோனில் இருப்பது போலவே வரும்.

இதில் வயர் வேண்டுமா, வயர்லெஸ் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். வயர்லெஸ்ஸில் முதல் அறிமுகம் மட்டும் புளூடூத்தில், அப்புறம் படமும் சத்தமும் வைஃபையில் ஓடும். உட்கார்ந்ததும் தானாக இணைந்துகொள்வது பெரிய சுகம்தான், ஆனால் நீண்ட பயணத்தில் ஃபோன் சூடாகிறது, சார்ஜும் இறங்குகிறது, அதைச் சரிக்கட்ட வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் இன்னும் சூடாகிறது. நான் ஊருக்குள் வயர்லெஸ், நெடுஞ்சாலையில் வயர் என்று வைத்திருக்கிறேன். இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். கேபிள் குட்டையாகவும் நல்லதாகவும் இருக்கட்டும், இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது என்று சொல்லப்படும் புகார்களில் பல கேபிளை மாற்றியதும் தீர்ந்துவிடுகின்றன.

ஸ்டீரியோவே வேண்டாம், கண்ணாடியில் ஹோல்டர் ஒட்டி ஃபோனை வைத்தால் போதாதா என்றால், எப்போதாவது வெளியூர் போகிறவர்களுக்குப் போதும். நேர் வெயிலில் ஃபோன் சூடேறித் திரை மங்கும், அவ்வளவுதான் குறை.

சத்தம் பற்றி ஒரே ஒரு விஷயம். பெட்டியில் 4 × 50 வாட் என்று எல்லா ரகத்திலும் போட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட் அளவு, ஸ்பீக்கர் 4 ஓம், இதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சேனலுக்குச் சிதறாத சத்தம் 26 வாட்டைத் தாண்டாது. உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று இருந்தாலொழிய இதுதான் எல்லை. அதனால் வாட்டை வைத்து மூன்று ரகங்களையும் ஒப்பிட வேண்டாம். பின்னாளில் ஆம்ப்ளிஃபையர் வைக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல் போகும் ஆர்சிஏ அவுட் எத்தனை வோல்ட் என்று பாருங்கள், 2 வோல்ட்டை விட 4 வோல்ட் நல்லது, இரைச்சல் அடங்கும்.

இனி துணைப் பொருட்கள். எந்த ஸ்டீரியோவாக இருந்தாலும் அது நன்றாக வேலை செய்வதும் செய்யாததும் இவற்றைப் பொறுத்ததுதான், இங்கேதான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள்.

முதலில் வயரிங். காரின் வயரை வெட்டிப் புது ஸ்டீரியோவின் வயரோடு முறுக்கி டேப் ஒட்டுவது ஒரு வழி, உங்கள் கார் மாடலுக்கென்று வரும் கப்ளரை நடுவில் சொருகுவது இன்னொரு வழி. கப்ளரைத் தவிர வேறெதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்குப் பழைய ஸ்டீரியோவையே திரும்பப் போட வேண்டுமென்றால் கழற்றி மாட்டினால் முடிந்தது, வெயிலில் பசை இளகிக் கழலும் டேப்பும் இருக்காது. புது ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருப்பது, சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருவது, கருப்பு எர்த். சில கார்களில் இந்த மஞ்சளும் சிவப்பும் இடம் மாறி வரும், அப்படியே சொருகினால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். புதிய கார்கள் பலவற்றில் சாவி போட்டதைச் சொல்லத் தனி வயரே கிடையாது, அந்தத் தகவல் காரின் மின்னணுப் பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன்பஸ் வழியாகப் போகும், அதைப் புரிந்துகொள்ள ஒரு குட்டிப் பெட்டி வேண்டும், ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்கள் வேலை செய்வதற்கும் அதே பெட்டிதான். என் முதல் காரில் கடைக்காரர் அந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லி மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து எப்போதும் கரண்ட் இருக்கும் வயரில் கொடுத்துவிட்டார். மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை, நான்காம் நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. பேட்டரி முழுக்க இறங்கியிருந்தது.

ஃப்ரேமைப் பொறுத்தவரை, ஸ்டீரியோவின் முகப்புக்கு இரண்டு பொது அளவுகள் உண்டு: சிங்கிள் டின் 180 × 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180 × 100 மில்லிமீட்டர், உங்கள் காரின் பொந்தை அளந்து பார்த்தே வாங்குங்கள். பெரிய திரை ஏசி வென்ட்டையோ ஹஸார்டு சுவிட்சையோ மறைக்கிறதா என்பதைக் கடையில் அல்ல, உங்கள் காரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை டாஷ்போர்டுக்குள் ஸ்டீரியோவின் முதுகிலேயே ஒட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மேலே இரும்புச் சட்டம் இருந்தால் அது வானத்தையே பார்க்காது. டாஷ்போர்டின் மேல்புறம், முன் கண்ணாடியை ஒட்டி, முகம் மேலே பார்க்க இருக்க வேண்டும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி என்றால் அங்கும் சிக்னல் மங்கும், பூச்சு விடப்பட்டிருக்கும் பகுதியைத் தேடி வையுங்கள். எஃப்எம் முன்பு போல எடுக்கவில்லை என்றால் ஸ்டீரியோவைத் திட்டாமல் நீல வயரைப் பாருங்கள். பல கார்களின் ஆன்டெனாவுக்குள்ளேயே சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு, அதற்குக் கரண்ட் கொடுப்பது அந்த வயர்தான்.

ஃபோனில் பேசுவதற்கான மைக்கை ஸ்டீயரிங் தண்டின் மேலோ கண்ணாடி ஓரத் தூணிலோ வைக்கலாம். தூண் வழியாக வயர் இழுக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும், அங்கே திரைச்சீலை போல விரியும் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகவே கூடாது. பேனலைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள்.

ரிவர்ஸ் கேமரா படத்தை அனுப்பும் முறையில் பழைய சிவிபிஎஸ், தெளிவான ஏஹெச்டி என இரண்டு வகை. ஸ்டீரியோ ஏஹெச்டியை ஏற்காவிட்டால் திரை கருப்பாகவோ படம் உருண்டுகொண்டோ இருக்கும், ஆகவே இரண்டும் பேசுகிற மொழி ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். ரிவர்ஸ் விளக்கிலிருந்து கரண்ட் எடுத்த பிறகு படம் துடித்தால், பல புதிய கார்கள் அந்த விளக்குக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் காரணம், நடுவில் ஒரு ஃபில்டர் வைத்தால் சரியாகிவிடும்.

எல்லாம் மாட்டியதும் டாஷ்போர்டை உடனே மூடிவிடாதீர்கள். ஸ்டீயரிங் பட்டன், நான்கு ஸ்பீக்கர், எஃப்எம், ரிவர்ஸ் படம், ஒரு ஃபோன் அழைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து பாருங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஸ்டீரியோவின் ஃப்யூஸை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், எண் சட்டென்று இறங்கினால் சிவப்பு வயரை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.