பழைய ஜீப்பில் பெரிய இன்ஜின்: கியர் பெட்டியைத் தேற்றுவதா, மாற்றுவதா?

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவிடம் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது. பீஜோ வடிவமைப்பில் வந்த 2112 சி.சி. டீசல், 62 குதிரைத்திறன், நாலு கியர். தேங்காய் டிரெய்லரை இழுத்து இழுத்து இன்ஜின் ஓய்ந்துவிட்டது. அதன் இடத்தில், 2010இல் வந்த தார் ஜீப்பின் 2.5 லிட்டர் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) டர்போ இன்ஜினை உட்கார வைப்பது என்று முடிவு. 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இன்ஜினைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. கியர் பெட்டி விஷயத்தில்தான் பொள்ளாச்சி மெக்கானிக் ஒன்று சொன்னார், கோயம்புத்தூர் கணபதியில் லேத்து வைத்திருப்பவர் இன்னொன்று சொன்னார், செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கே கதி என்று கிடக்கும் என் மச்சான் மூன்றாவதாக ஒன்று சொன்னான்.

முதலில் கணக்கு. "62க்கு 105, ஒண்ணே முக்கால் மடங்குகூட வரல மாப்ளே, தாங்காதா?" என்றார் மாமா. பல்லை உடைப்பது குதிரைத்திறன் இல்லை, முறுக்குவிசை. அது பழைய இன்ஜினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. டர்போ என்பதால் 1800 சுற்றிலேயே முழுசாக வந்து நிற்கும். முதல் கியர் முறுக்குவிசையை நான்கு மடங்காக்கும் என்று வைத்துக்கொண்டால், 247 என்பது பெட்டியிலிருந்து வெளியே வரும் மெயின் ஷாஃப்டில் ஆயிரத்தைத் தொடுகிறது. லோ லிவரைப் போட்டால் இன்னும் இரண்டரை மடங்கு கூடும்தான். ஆனால் அது பெட்டிக்குப் பின்னால், முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுவது. அந்தப் பாரத்தை வாங்குவது ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டும் ஆக்சிலும். லோ போட்டு மெதுவாக இழுத்தால் கியர் பெட்டிக்கு நிம்மதி. டாப் கியரிலும் அதற்குக் கவலை இல்லை, நேரடி இணைப்பு, பல்லில் பாரமே கிடையாது. அடிபடுவது ஒன்றும் இரண்டும். மலைப்பாதையில் நாம் பாதி நேரம் இருப்பதும் இரண்டில்தான்.

கணபதிக்காரர் சொன்னது: பெட்டி அப்படியே இருக்கட்டும், பல்சக்கரங்களை மட்டும் நல்ல ஸ்டீலில் புதிதாக வெட்டிவிடலாம். பம்பும் மோட்டாரும் மில் மெஷினும் செய்து பழகிய கோயம்புத்தூரில் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். ஹாபிங் (பல் வெட்டுவது), ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும். 20எம்என்சிஆர்5 பரவலாகப் புழங்கும் கியர் ஸ்டீல். நிக்கல் கூடுதலாக உள்ள இஎன்36 இன்னும் ஒரு படி மேல். இரண்டுமே மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றிக் கெட்டிப்படுத்துகிற வகை. மேலே, கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 58 முதல் 62 வரை. உள்ளே கொஞ்சம் இளக்கம், அதிர்ச்சியைத் தாங்க. வெட்டுவது பெரிய வேலை இல்லை. சூளையிலிருந்து வெளியே வரும்போது சக்கரம் கொஞ்சம் கோணியிருக்கும், அதைப் பல் பல்லாக கிரைண்ட் செய்து சரிபண்ண வேண்டும். அந்த வேலையைத் தவிர்த்துவிட்டுக் குறைந்த விலை சொல்பவரிடம் போகாதீர்கள். அப்புறம் ஷாட் பீனிங். பல்லின் அடிவாரத்தில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக அடிப்பார்கள். மேல்தோல் உள்ளுக்குள் அமுக்கப்பட்டு, விரிசல் தொடங்குவது தள்ளிப்போகும். திரும்பத் திரும்ப வளைந்தும் உடையாமல் தாங்கும் வலிமை இருபது, முப்பது சதவீதம் கூடும். செலவைப் பார்த்தால் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு இல்லை.

சரி, பல் வலுவாகிவிட்டது. பெட்டி?

இதே வைத்தியத்தைச் செய்துகொண்ட நண்பர் ஒருவரின் ஜீப்பில் நான் வால்பாறைக்குப் போனேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டிக்கு முன்பே, ஒரு வளைவில் இரண்டாவது கியர் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தது. கையால் பிடித்துக்கொண்டே ஏறினோம். இறக்கிப் பிரித்துப் பார்த்தால் ஒரு பல்கூட உடையவில்லை. ஆனால் பல்லின் முழு அகலத்திலும் விழ வேண்டிய தேய்மானத் தடம் ஒரு ஓரத்தில் மட்டும் மின்னியது. மெயின் ஷாஃப்டுக்கு இணையாக ஓடும் லே ஷாஃப்டின் பேரிங் உட்காரும் துளை நீள்வட்டமாகியிருந்தது. அதன் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல்.

காரணம் எளிது. கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று திருப்புவதோடு, விலக்கித் தள்ளவும் செய்கின்றன. முறுக்குவிசை இரட்டித்தால் அந்தத் தள்ளலும் இரட்டிக்கும். ஷாஃப்ட் வளைகிறது, பேரிங் துளை விரிகிறது, பல் ஓரத்தில் மட்டும் கடிக்கிறது. அலுமினியக் கூடாக இருந்தால் இன்னொரு தொல்லை: சூட்டில் அது இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும், பேரிங் பிடி தளரும். ஆகவே இந்த வழியில் போவதானால் பல்லுக்கு முன்பே கூட்டைப் பாருங்கள். புதுப் பேரிங், பேரிங் துளைக்கு ஸ்டீல் புஷ், பேரிங் மூடிக்கு மேல் தடித்த ஸ்டீல் தகடு. ஷாஃப்ட் நீளமாக இருந்தால் நடுவில் ஒரு தாங்கு தகடு. இதையெல்லாம் சேர்த்துச் செய்தால் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பாரத்துக்குப் பழைய பெட்டியை நம்பலாம் என்பது என் கணிப்பு. இரண்டு மடங்குக்கு இல்லை.

மச்சானின் வழி வேறு. கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு ரேஸ் சாமான் எல்லாமே தெய்வம். நேர்ப்பல் சக்கரம், சின்க்ரோ (வேகத்தை ஒத்திசைத்துக் கியரை மெதுவாக விழவைக்கும் வளையம்) இல்லாத டாக் கியர் (தடித்த முனைகள் நேராகக் கவ்வும் வகை) போட்டால் உடையவே உடையாது என்றான். பாதி உண்மை. நேர்ப்பல் சாய்வுப்பல்லைவிடத் தன்னளவில் பலமானது இல்லை. சாய்வுப்பல்லில் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரேஸ் பெட்டி தாங்குவதற்குக் காரணம் பல் பெரிது, சக்கரம் அகலம், ஸ்டீல் உயர்ந்தது என்பதுதான். சின்க்ரோவை எடுத்த இடம் அகலத்துக்குப் போகிறது. நேர்ப்பல்லில் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளும் விசை இல்லை என்பதும் உதவி. ஆனால் கூட்டை விரிக்கும் பக்கத் தள்ளல் அப்படியே இருக்கும். சத்தம் ரைஸ் மில்லை மிஞ்சும். மெதுவாகக் கியர் மாற்றினால் டாக் முனைகள் மழுங்கும். ரேஸ்காரர்கள் அடிக்கடி பிரித்துப் பார்த்து மாற்றுவார்கள். தோப்புக்குள் முதல் கியரில் ஊர்ந்து போகிற வண்டிக்கு இது வேண்டாம். மாமாவும் காது கேட்காமல் போய்விடும் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்.

பொள்ளாச்சி மெக்கானிக் வழக்கம்போலச் சுருக்கமாகச் சொன்னார்: "ஏனுங்க, அந்த இன்ஜினுக்கு என்ன பெட்டி வந்துச்சோ அதையே வையுங்க." அதாவது என்ஜிடி 530 என்ற ஐந்து கியர் பெட்டி. எனக்கு இதுதான் சரி என்று பட்டது. இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஒரு பெட்டியின் உண்மையான அளவுகோல். அதே வடிவத்தில் அந்தத் தூரம் பத்து சதவீதம் கூடினால், தாங்கும் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். சின்னப் பெட்டிக்குள் எவ்வளவு நல்ல ஸ்டீலைத் திணித்தாலும், அந்தத் தூரத்தை அது கூட்டித் தராது.

தொல்லை இல்லாமல் இல்லை. இன்ஜினையும் பெட்டியையும் ஒரே ஜோடியாக வாங்கினால் பாதி தீர்ந்தது. தனித்தனியாக வாங்கினால் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அதில் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) துளையும் கிராங்க் ஷாஃப்டும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தாக வேண்டும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் முன் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் போகும். "போல்ட் உட்கார்ந்துடுச்சு, போதுங்க" என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். பெட்டி நீளம் என்றால் பின் ஷாஃப்டை வெட்டிப் பேலன்ஸ் செய்ய வேண்டும், லிவர் இருக்கும் இடமும் மாறும். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ஆயில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைப் பொடி மின்னினால் சின்க்ரோ ரிங் போயிருக்கிறது, அது மாற்றக்கூடியது. இரும்புச் செதில் வந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போங்கள்.

ஒருவரும் சொல்லாத நாலாவது வழி ஒன்று இருக்கிறது: கிளட்ச். பெட்டிக்குள் போகும் உச்ச அடியைத் தீர்மானிப்பது இன்ஜின் இல்லை, கிளட்ச்தான். வேகமாகச் சுற்றும் ஃப்ளைவீலில் சேர்ந்த சக்தி, கிளட்சைச் சட்டென்று விட்டால், இன்ஜினின் 247ஐத் தாண்டி அடிக்கும். கிளட்ச் வழுக்கும் எல்லைதான் அதற்கு வேலி. இதைத் தெரியாமல் பெரிய இன்ஜின் என்றதும் செராமிக் கிளட்ச் போடுகிறார்கள். அது பட்டென்று கவ்வும், வழுக்காது, முழு அடியும் பல்லுக்குப் போகும். தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகத் தாங்கும் சாதாரணப் பிளேட், நடுவில் ஸ்பிரிங் வைத்தது, போதும். கிளட்ச் தேய்ந்தால் ஒரு நாள் வேலை. பெட்டி போனால் அப்படி முடியாது. காமன் ரெயில் இன்ஜினாக இருப்பதால் முதல் இரண்டு கியரில் முறுக்குவிசையைக் குறைத்து இ.சி.யு.வில் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) எழுதவும் முடியும். பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டும் சேர்ந்தாலே போதுமானது. ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை: பித்தளைச் சின்க்ரோ உள்ள பெட்டியில் ஜிஎல்-4 தர கியர் ஆயில் ஊற்றுங்கள், ஜிஎல்-5 உயர்ந்தது என்று ஊற்றினால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையைத் தின்றுவிடும் ஆபத்து உண்டு.

காகித வேலையும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இன்ஜினைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். மாமா அதை முடித்த பிறகுதான் ஜீப்பைப் பட்டறைக்கு விட்டார்.

ஐந்து கியர் பெட்டியும் சாதாரண கிளட்சும் போட்டாயிற்று. 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தோம். காந்தப் பிளக்கில் சாம்பல் நிற மை போல மெல்லிய பசை, செதில் ஒன்றும் இல்லை. புது ஆயில் ஊற்றி மூடினார் மெக்கானிக். இப்போது டிரெய்லரோடு மேட்டில் கிளம்பும்போது பின் ஆக்சிலில் 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்களைத் திறந்து பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.