டிஸ்க் இல்லாமலே லேப்டாப்பைச் சுத்தப்படுத்தலாம்: மைக்ரோசாஃப்ட் மீடியா கிரியேஷன் டூல், ஒரு மதிப்பீடு

புதுச்சேரி நூறடிச் சாலையில் வாங்கினாலும் சரி, கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் சரி, புது லேப்டாப் பெட்டிக்குள் டிஸ்க் எதுவும் இருக்காது. ஆனால் ஆன் செய்த அன்றே மெக்அஃபி வைரஸ் தடுப்பு நிரலின் சோதனைப் பதிப்பு “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது” என்று ஆரம்பித்துவிடும். கூடவே விளையாட்டு விளம்பரங்கள், கம்பெனியின் சொந்த ஆப்கள் நாலைந்து. ரேம் 8 ஜிபி மட்டும் உள்ள மெஷினில் இதெல்லாம் நேரடியாகவே வேகத்தைத் தின்னும். இதற்குச் சரியான மருந்து மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல்; விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கான பென்டிரைவை இது தயாரித்துத் தரும். நல்ல கருவி, தைரியமாகப் பயன்படுத்தலாம். இரண்டு இடத்தில் மட்டும் காலை வாரும், அதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். விண்டோஸ் 8 வந்த 2012க்குப் பிறகு, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டில், ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரலான பயாஸின் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியை முழுக்க அழித்தாலும் கீ போகாது. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான வீட்டு லேப்டாப்களில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்ற விண்டோஸ் பதிப்பு. இன்ஸ்டாலர் அந்தக் கீயைத் தானே படித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே அதையே போடும். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். எங்காவது கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்று கொடுத்துவிட்டுப் போகலாம்.

இது தெரியாததால்தான் பலர் தெருமுனைக் கடைக்குப் போகிறார்கள். “சிடி இல்லையா? பரவாயில்லை, ஃபார்மேட் போட்டுத் தரேன்” என்று சொல்லும் கடைகளில் சில, காசு கொடுத்து வாங்கிய ஹோம் லைசென்ஸ் சிப்பில் இருக்கும்போதே, மேலே கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த, ‘ப்ரோ’ பதிப்பை ஏற்றித் தருகின்றன. கிராக் வேலை செய்ய விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்து வைப்பதும் உண்டு. லேப்டாப்பைக் கடையிலிருந்து திரும்ப வாங்கும் முன் அங்கேயே சோதித்துப் பாருங்கள்: விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ (slmgr /dli). வரும் சின்னப் பெட்டியில் ‘ஓஇஎம் டிஎம் சேனல்’ என்றிருந்தால் அது உங்கள் சொந்த லைசென்ஸ். ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்றிருந்தால், பெரிய நிறுவனங்களுக்கான, 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய முறையை வீட்டு மெஷினில் போலியாக ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறக்க வழியில்லை. மறுபடி சுத்தமாக இன்ஸ்டால் செய்யத்தான் வேண்டும்.

டூலுக்கு வருவோம். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். டவுன்லோடு சுமார் 4 முதல் 5 ஜிபி ஆகும். தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்பி உட்கார்ந்தால் பாதியில் நிற்கும், வீட்டு ஃபைபர் இணைப்பில் செய்யுங்கள். மின்வாரியப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொட வேண்டாம்; மற்ற நாளிலும் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். லேப்டாப்போடு எம்எஸ் ஆஃபீஸ் வந்திருந்தால், அதைத் திறந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்து ஆக்டிவேட் செய்துவிடுங்கள். பிறகு எத்தனை முறை அழித்தாலும் அந்தக் கணக்கிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் அதே கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றினால் கேட்கும், அப்போது எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனவைதான். டி டிரைவில் இருப்பதையும் வெளியே எடுத்துவிடுங்கள். டி என்பது பெரும்பாலும் அதே எஸ்எஸ்டியின் இன்னொரு பகுதிதான்.

பென்டிரைவிலிருந்து ஏற்ற, லேப்டாப்பை ஆன் செய்ததும் தட்ட வேண்டிய பட்டன்: ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப் 9. டெல், லெனோவோவில் எஃப் 12. ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12தான், ஆனால் எஃப் 2 தட்டி பயாஸுக்குள் போய் அந்த எஃப் 12 மெனுவை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும்.

டூல் காலை வாரும் முதல் இடம் இங்கேதான். எங்கே இன்ஸ்டால் செய்வது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கலாம், எஸ்எஸ்டி தெரியாது. பலரும் எஸ்எஸ்டி போய்விட்டது என்று பதறுகிறார்கள், சில கடைக்காரர்கள் மாற்றவே சொல்லிவிடுகிறார்கள். எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி ‘விஎம்டி’ என்ற கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கான டிரைவர் மைக்ரோசாஃப்டின் பென்டிரைவில் இருப்பதில்லை. உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை முன்னாடியே இறக்கி, செவன் ஜிப் நிரலால் விரித்து, அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். விரிக்காமல் இஎக்ஸ்இயாகவே போட்டால் இன்ஸ்டாலர் கண்டுகொள்ளாது, அதற்கு வேண்டியது உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் ஃபைல். ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் விஎம்டி கன்ட்ரோலர் என்று ஒரு வரி வரும். தேர்ந்தெடுத்ததும் எஸ்எஸ்டி வந்து நிற்கும். ஏஎம்டி மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.

எஸ்எஸ்டி தெரிந்ததும் டிரைவ் 0வில் உள்ள பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்து, ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி மிஞ்சியதும் அதன் மேல் நின்று அடுத்து கொடுங்கள். பென்டிரைவும் அதே பட்டியலில் டிரைவ் 1 என்று இருக்கலாம், அளவைப் பார்த்துவிட்டு அழியுங்கள். பகுதிகளை அழிக்கும்போது கம்பெனியின் ரிகவரி பகுதியும் போய்விடும். ஹெச்பி, டெல், லெனோவோ மூவருமே மாடலுக்கேற்ற ரிகவரியை இணையத்தில் தருகிறார்கள் என்பதால் பெரிய இழப்பு இல்லை.

இரண்டாவது இடம் வைஃபை. இன்ஸ்டால் முடிந்து முதல் அமைப்பில் நெட்வொர்க் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லாத மாடல்களில் பட்டியல் காலியாக இருக்கும். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் விண்டோஸ் அதைச் சாதாரண லேன் கேபிளாக எடுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட் மீதி டிரைவர்களைக் கொண்டுவந்துவிடும்.

‘ரீசெட் திஸ் பிசி’ போதாதா என்று கேட்பார்கள். சுலபம்தான், விஎம்டி சிக்கலும் இல்லை. ஆனால் கம்பெனி ஆப்கள் சி டிரைவின் ரிகவரி ஃபோல்டரில் பொட்டலமாக இருப்பதால் ரீசெட்டுக்குப் பின் திரும்ப வரலாம். ‘முன்பே நிறுவிய ஆப்களை மீட்கவா’ என்ற கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ கொடுங்கள். கேள்வியே வராத மாடல்களில் இந்த வழி வீண்.

அழிக்கவே மனமில்லாதவர்கள் மெக்அஃபியை செட்டிங்ஸில் அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்து, அந்த நிறுவனமே தரும் எம்சிபிஆர் கருவியை ஓட்டி மிச்சத்தையும் நீக்க வேண்டும். பிறகு டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்பி லேப்டாப்களோடு வரும் பாதுகாப்பு நிரலான ஹெச்பி உல்ஃப் செக்யூரிட்டியை நீக்க வரிசை முக்கியம்: முதலில் உல்ஃப் செக்யூரிட்டி, அடுத்து அதன் கன்சோல், கடைசியாக செக்யூரிட்டி அப்டேட் சர்வீஸ். ஆனாலும் முழுக்க அழிப்பதே மேல் என்று சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. 2015 பிப்ரவரியில் லெனோவோவின் சில மாடல்களில் அம்பலமான சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல், பாதுகாப்பான வங்கித் தளங்களையும் இடைமறிக்கக்கூடிய ஒரு ரூட் சர்டிஃபிகேட்டை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் சான்று) போட்டு வைத்திருந்தது. நிரலை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அந்தச் சர்டிஃபிகேட் உள்ளேயே இருந்தது.

எல்லாமே குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி ஆப்களான லெனோவோ வான்டேஜும் மைஆசுஸும் சார்ஜை 80 சதவீதம் போல ஓர் அளவில் நிறுத்தும் வசதி தருகின்றன. நாள் முழுக்கச் செருகியே வைத்திருக்கும் மெஷினுக்கு இது பேட்டரியைக் காப்பாற்றும். ஸ்டோரிலிருந்து இதை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்று: பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பில் பிரெஞ்சு எழுத்து வரிசை கொண்ட ‘அசர்ட்டி’ கீபோர்டு இருக்கும். டூலில் மொழியை இங்கிலீஷ் என்று எடுக்கலாம், தடையில்லை. கீபோர்டை மட்டும் பிரெஞ்சு என்று கொடுங்கள், இல்லையென்றால் ஏ தட்டினால் க்யூ வரும், கடவுச்சொல் தவறாகப் பதிவாகும். தமிழ் 99 பின்னால் செட்டிங்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களுக்கு இந்த டூலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலான இலவச லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும்.

டூல் துடைக்காதவை மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்குகள். ஸ்டார்ட் மெனுவில் லிங்க்ட்இன் போன்றவை ஒட்டிக்கொண்டு வரும், வலது கிளிக்கில் நீக்கிவிடலாம். ஆசுஸில் அந்தக் கம்பெனியின் ஆப்பான ஆர்மரி கிரேட் மறுபடி எட்டிப் பார்த்தால் அது பயாஸிலிருந்து வருகிறது, அங்கேயே அணைக்க வேண்டும். டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில், தயாரிப்பாளரின் ஆப்களைத் தானாக இறக்கவா என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ கொடுத்து சேமித்துவிட்டு, அதன் பிறகு பென்டிரைவைக் கழற்றுங்கள்.