பெட்டியில் ‘20 பார்’ என்று போட்டிருந்தால் பாஸ்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுக்கு எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் மாதாமாதம் எடுத்து வைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினேன். ஒரு வருடம்கூட அது என்னிடம் ஒழுங்காக இருக்கவில்லை. பணம் போனதைவிட, கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்த முகத்தோடு பாதிப் பதில் சொல்லி அனுப்பினார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கடையில் டெமோ காட்டிய பையன் நன்றாகப் பேசினான். பொத்தானை அழுத்தினான், பம்ப் உறுமியது, இரண்டு மூக்கிலிருந்தும் காபி இறங்கியது. கோப்பையின் மேல் விரல் கனத்துக்குப் பழுப்பு நுரை. “பாருங்க மேடம், க்ரீமா! காபிக் கடைகளில் இருக்கும் பெரிய மெஷின்களே 9 பார்தான். இது 20 பார். இரண்டு மடங்குக்கும் மேல்” என்றான். பார் என்பது தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. கிரைண்டர் தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டேன். “தேவையே இல்லை மேடம். எந்தத் தூள் போட்டாலும் இதே நுரை வரும்” என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது. அப்போது அது எனக்கு வசதியாகத் தோன்றியதே தவிர, சந்தேகமாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து முதல் வாரம் எல்லோருக்கும் கோப்பை கோப்பையாகப் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. குடித்தால் தண்ணியாக, ஒரு கசப்போடு, நடுவில் எதுவுமே இல்லாமல் இருந்தது. சரி, தூள்தான் சரியில்லை போல என்று விலை உயர்ந்த கொட்டை வாங்கி அரைத்துப் பார்த்தேன். அதே சுவை. இன்னொரு வகை வாங்கினேன். அதுவும் அதே. இரண்டு மாதம் இப்படியே தூளையும் தண்ணீரையும் என் கைப்பழக்கத்தையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா மகன் ஒரு காபிக் கடையில் சில வருடம் பாரிஸ்டாவாக வேலை பார்த்தவன். வீட்டுக்கு வந்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், தூள் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடைக் கிண்ணத்தை, அதாவது பாஸ்கெட்டை, நெம்பி எடுத்தான். கழுவித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “அக்கா, உள்பக்கம் எத்தனை ஓட்டை தெரியுது?” என்றான். நூற்றுக்கணக்கில் இருந்தன. “இப்போ திருப்பிப் பாருங்க.” திருப்பினேன். வெளிப்பக்கம் வழவழவென்று மூடிய தகடு. நட்ட நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம்கூட வரவில்லை.

இதற்குப் பெயர் பிரஷரைஸ்டு பாஸ்கெட். இரட்டைச் சுவர் பாஸ்கெட் என்றும் சொல்கிறார்கள். சாதாரண பாஸ்கெட்டில் ஒரே தகடு. உள்ளே இருக்கும் ஓட்டைகளேதான் வெளியிலும் தெரியும். அதில் தண்ணீரைத் தடுத்து அழுத்தத்தை உருவாக்குவது காபித் தூள். நைசாக, ஒரே சீராக அரைத்து, சமமாக அழுத்தி வைத்தால்தான் தண்ணீர் மெதுவாக ஊறி இறங்கும். இரட்டைச் சுவரில் அந்தத் தடுப்பு வேலையை அந்த ஒற்றை ஓட்டை செய்துவிடுகிறது. தூள் கொரகொரப்பாக இருந்தாலும், பழசாக இருந்தாலும் காபி அந்த ஊசி ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடித்து, காற்றோடு கலந்து நுரையாக வரும்.

தம்பி அதைச் செய்தும் காட்டினான். அலமாரியின் பின்பக்கத்தில் மறந்து போன ஒரு தூள் பாக்கெட் இருந்தது. திறந்து பல மாதம் ஆகி, வாசனையே போய்விட்ட தூள். அதைப் போட்டான். விரல் கனத்துக்கு நுரை வந்தது, கடையில் பார்த்த அதே பழுப்பு நுரை. உண்மையான க்ரீமா, வறுத்த கொட்டையில் தங்கியிருக்கும் கரியமில வாயு அழுத்தத்தில் வெளியே வரும்போது உண்டாவது. வறுத்து நாளாக ஆக அந்த வாயு போய்விடும். செத்துப்போன தூளில் க்ரீமா வரவே கூடாது. வந்தால் அது பாஸ்கெட் அடித்த நுரை.

அடுத்து அந்த 20 பார். எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார்தான். 1961-ல் இத்தாலியின் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த இ61 மெஷின், கையால் இழுக்கும் லீவருக்குப் பதிலாக மின் பம்ப் வைத்து அந்த அழுத்தத்தைச் சீராகக் கொடுத்தது. இன்றும் காபிக் கடை மெஷின்கள் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன. வீட்டு மெஷின் பெட்டிகளில் போடும் 15, 20 எல்லாம் பம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு. தோட்டக் குழாயின் வாயை விரலால் முழுக்க அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், விரலை எடுத்தால் இறங்கிவிடும் அல்லவா? அதுபோலத்தான். தண்ணீர் ஓடாமல் அடைபட்டு நிற்கும்போது இருக்கும் எண்ணைத்தான் தங்க எழுத்தில் அச்சடிக்கிறார்கள். நல்ல வீட்டு மெஷின்களில், அதிகமாகும் அழுத்தத்தைத் திருப்பி விட்டு 9 பாருக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு வால்வு வைத்திருப்பார்கள். ஆக, கேட்க வேண்டியது பம்ப் எத்தனை பார் என்பதை அல்ல, காபி மேல் எத்தனை பார் விழுகிறது என்பதை. நான் வாங்கியதில் அந்த வால்வே இல்லை.

சரி, வெறும் பாஸ்கெட்தானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கடைக்குப் போன் செய்தால், “அது கம்பெனியில் வராது மேடம்” என்றார்கள். என் மெஷினின் பாஸ்கெட் விட்டம் 51 மி.மீ. கடை மெஷின்களில் 58 மி.மீ. என்பது பொதுவான அளவு, அதற்கு எதையும் எங்கும் வாங்கலாம். 51-க்கும் வெளியே ஒற்றைச் சுவர் பாஸ்கெட் விற்கிறார்கள்தான். இரண்டு வாங்கினேன். ஒன்று ஆழம் அதிகமாக இருந்து மூக்குக் குழாயில் முட்டியது. இன்னொன்றின் விளிம்பு உட்காரவில்லை, ஓரமெல்லாம் வெந்நீர் வழிந்தது. விட்டம் ஒன்றாக இருந்தால் பொருந்திவிடும் என்று நினைத்துப் பணம் போடாதீர்கள்.

இதில் ரொம்ப வலித்தது பெட்டியின் மேல் இருந்த படம்தான். அடிப்பகுதி திறந்த போர்ட்டாஃபில்டரின் கீழே, ஓட்டை ஓட்டையாகத் தெரியும் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டிலிருந்து தேன் மாதிரி காபி இறங்கும் படம். உள்ளே அப்படி ஒரு பொருளே கிடையாது. பக்கவாட்டில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில், படம் விளக்கத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அதைக் காட்டினேன். பில் போட்ட மேலாளர் படத்தைப் பார்க்கவே இல்லை. “பெட்டி திறந்தாச்சு, தண்ணி பட்டாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்” என்று மூன்று முறை ஒரே வாக்கியத்தைச் சொன்னார். டெமோ காட்டிய பையன் பக்கத்திலேயே நின்று வேறு யாருக்கோ அதே நுரையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொல்கிறான்.

அப்புறம் ஏழாவது மாதம் மெஷின் ஒழுக ஆரம்பித்தது. போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடத்தில் சொட்டுச் சொட்டாக வெந்நீர். பால் நுரைக்கும் குழாயில் ஆவி மூச்சு வாங்கியது. வாரண்டி ஒரு வருடம் இருக்கிறதே என்று தைரியமாகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். திறந்து பார்க்கவே தனிக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. நானாகப் போய் நின்றபோது, உள்ளே உப்புப் படிந்துவிட்டது, அது பயன்படுத்துபவர் தவறு, வாரண்டி செல்லாது என்றார்கள்.

கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு பிரிந்து, சூடாகும் உலோகத்தில் ஓடு மாதிரி படியும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். சூடான உலோகக் கட்டிக்குள் தண்ணீரை ஓடவிட்டுச் சூடாக்கும் தெர்மோபிளாக் வகை மெஷினில் தண்ணீர் போகும் பாதை மிகக் குறுகலானது என்பதால் சீக்கிரமே அடைத்துவிடும். இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்கேலிங் கரைசலோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஓட்டிக் கரைக்க வேண்டும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. மெஷினில் எச்சரிக்கை விளக்கும் இல்லை. பயனர் கையேட்டில், பல மொழிகளுக்கு நடுவே, கடைசிப் பக்கங்களில் இரண்டு வரி இருக்கிறது. அந்த இரண்டு வரியைக் காட்டித்தான் என் வாரண்டியை மூடினார்கள்.

ஒழுகலுக்குக் காரணம் அதுகூட இல்லை. போர்ட்டாஃபில்டர் மேலே இறுகி உட்காரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், கேஸ்கெட். சூட்டில் அது நாளடைவில் கெட்டியாகிவிடும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் சாதாரணப் பொருள் அது. அந்த வளையம் மட்டும் கொடுங்கள் என்றால், தனியாகக் கிடைக்காது, மேல்பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகையைக் கொஞ்சம் கூட்டினால் புது மெஷினே வாங்கிவிடலாம். வேண்டாம் என்று திரும்ப வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சொட்டுத் தட்டைக் காணோம். கொடுக்கும்போது என்னென்ன பாகங்கள் இருந்தன என்று ரசீதில் எழுதி வாங்கவில்லை, அதனால் கேட்கவும் முடியவில்லை. நீங்கள் எதைச் சர்வீஸுக்குக் கொடுத்தாலும் மூடி, தட்டு, கைப்பிடி எல்லாவற்றையும் ரசீதில் எழுத வைத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மறுபடி வாங்கப் போனால் நான் கடையில் முதலில் கேட்பது பாஸ்கெட்டைத்தான். கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பேன். ஒற்றை ஓட்டைதான் என்றால், ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டும் பெட்டிக்குள்ளேயே வருகிறதா என்று கேட்டு, வருகிறது என்றால் அந்தப் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பேன். டெமோவுக்கு அவர்கள் தூளைப் போட விடாமல், நான் கொண்டுபோன பழைய தூளைப் போடச் சொல்வேன். கேஸ்கெட் தனியாகக் கிடைக்குமா என்பதைக் கடையில் கேட்காமல் சர்வீஸ் சென்டருக்கு நேராகப் போன் செய்து கேட்பேன். வாரண்டி அட்டையில் உப்புப் படிவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படிப்பேன்.

இன்னொன்றும் தம்பி சொன்னான், அது எனக்கு ரொம்பச் சரி என்று படுகிறது. மொத்தப் பணத்தையும் மெஷினில் போடாமல், கொட்டையை இரண்டு பல் தகடுகளுக்கு நடுவே நசுக்கி ஒரே சீராக அரைக்கும் நல்ல பர் கிரைண்டருக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது எஸ்பிரஸ்ஸோவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அந்த நேரத்தை எட்டிப் பிடிக்க அரைப்பைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். பிளேடு சுற்றி வெட்டும் மிக்ஸி வகைக் கிரைண்டரில் மாவும் குருணையும் கலந்துதான் வரும். அவன் தராசு வைத்து என் மெஷினில் ஓட்டியபோது 14 விநாடியில் 60 கிராம் இறங்கிவிட்டது. அது தண்ணியாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

எஸ்பிரஸ்ஸோதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, அடுப்பில் வைத்துக் காபி போடும் மோகா பாட் இருக்கிறது. 1933-ல் பியாலெட்டி கொண்டுவந்த அந்த அலுமினியப் பாத்திரத்தில் 1 முதல் 2 பார் வரைதான் அழுத்தம். வருவது எஸ்பிரஸ்ஸோ கிடையாது, ஆனால் கெட்டியான நல்ல காபி. பம்ப் இல்லை, மின்சுற்று இல்லை, ரப்பர் வளையம் தேய்ந்தால் தனியாகக் கிடைக்கும். நான் இப்போது அதில்தான் போட்டுக் குடிக்கிறேன்.

அந்த மெஷினைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். வேறொரு சர்வீஸ்காரர் அதே அளவில் ஒரு ரப்பர் வளையம் தேடிப் போட்டு ஒழுகலை நிறுத்திக் கொடுத்தார். வாங்க வந்தவரிடம் பாஸ்கெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். 20 பார் என்றால் என்ன, நுரை எங்கிருந்து வருகிறது, சொட்டுத் தட்டு ஏன் இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “நான் பால் நிறைய ஊற்றிக் குடிக்கிறவன்மா, கடையில் அரைத்த தூள்தான் போடுவேன். எனக்கு இது போதும்” என்றார். விலையைப் பாதிக்கும் கீழே பேசி முடித்தோம். போகும்போது டிஸ்கேலிங் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அவரே கேட்டார். ஒரு தாளில் எழுதித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒட்டிக் கொடுத்தேன்.