தன்னியக்க நரம்பு மருந்துகள்: நான் படித்த அட்டைத் தொகுப்பு

நர்சிங் மாணவர்களுக்கான இந்தப் படிப்பு அட்டைகளை அட்ரோபின் அட்டைக்காகவே வாங்கலாம். பக்கவிளைவுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஓர் உடல் படத்தைக் காட்டி, 'மஸ்கரினிக் ரிசெப்டாரில் அசிட்டைல்கோலின் உட்கார முடியாவிட்டால் இங்கே என்ன ஆகும்?' என்று கேட்கிறது. அசிட்டைல்கோலின் நரம்பு அனுப்பும் வேதித்தூது, ரிசெப்டார் அதை உறுப்பில் வாங்கிக்கொள்ளும் இடம்; அந்த இடத்தை அட்ரோபின் அடைத்துக்கொள்ளும். வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் வேகமெடுக்கும், சிறுநீர் வெளியேறத் தயங்கும். நானே யோசித்துச் சொன்னேன். அப்புறம் மறக்கவே இல்லை.

அட்ரினலின் உட்காரும் பீட்டா ரிசெப்டார்களுக்கான அட்டைகளும் அருமை. இதயம் ஒன்று, அதில் முக்கியமாக பீட்டா 1. நுரையீரல் இரண்டு, அங்கே பீட்டா 2. புரோப்ரனலால் என்ற மருந்து இரண்டையும் தடுப்பதால் ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுக்குழாய் சுருங்கிவிடலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் எடுத்ததும் கை ஏன் நடுங்குகிறது என்று வார்டில் ஒரு பாட்டி கேட்டார். "தசையிலயும் அதே பீட்டா 2 இருக்கு பாட்டி, மருந்து அதையும் தூண்டுது" என்று உடனே சொல்ல முடிந்தது.

நியோஸ்டிக்மின் அட்டைதான் ஏமாற்றம். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் என்று ஒரே வரி. அசிட்டைல்கோலின் கூடுவதால் நாடித்துடிப்பு குறையும், எச்சில் பெருகும் என்பதே இல்லை. நாடி பார்த்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டியவர்கள் நாம். அந்த வரியை என் அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.