பூனைக்குப் படர்தாமரை: கிரீசியோஃபல்வினா, இட்ராகோனசோலா?

தெருமுனையில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்த இரண்டாவது வாரம், அதன் காது நுனியில் மயிர் ஒடிந்து, சாம்பலைத் தூவினாற்போல் பொடி படிந்திருந்தது. அடுத்த பத்து நாளில் மகளின் முன்கையில் ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்த வட்டம். அதற்கப்புறம் கருப்பனின் தாடையிலும் வழுக்கை. கருப்பனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தெருச் சண்டைகளில் காது கிழிந்து, ஒருநாள் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்ட கடுவன்.

முதலில் காட்டிய இடத்தில் இரண்டு பூனைக்கும் சேர்த்து கிரீசியோஃபல்வின் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கவில்லை, கருப்பனின் பழைய கதையையும் கேட்கவில்லை. மனசு ஒப்பாமல் இன்னொரு மருத்துவரிடம் போனோம். மாத்திரை மாறியது அங்கேதான். இரண்டு மருந்துக்கும் நடுவில் நான் ஏன் இட்ராகோனசோல் பக்கம் நிற்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூனைகளுக்கு வரும் படர்தாமரையில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. அறை விளக்கை அணைத்து வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டியபோது, குட்டியின் காதில் மயிரிழைகள் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒவ்வொன்றாக எரிந்தன. மயிரே ஒளிர வேண்டும், பொடுகு மட்டும் மங்கலாக மின்னினால் அது கணக்கில்லை என்றார் மருத்துவர். புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் உடம்பெங்கும் சீவி, அதை மஞ்சள் நிற வளர்ப்பு ஊடகத்தில் குத்தி வைத்தார். பூஞ்சை வளர்ந்தால் ஊடகம் சிவக்கும், வெள்ளைப் பஞ்சுபோல் மேலே எழும்பும். இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

கிரீசியோஃபல்வின் பழைய மருந்து. 1939ல் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் படர்தாமரை ஆறும் என்பது 1958ல் கினிப் பன்றிகளில் தெரியவந்தது. பல பத்தாண்டுகள் பூனை மருத்துவத்தில் இதுதான் ராஜா. விலை மலிவு. மாத்திரையாக இருப்பதால் உடைத்துக் கொடுப்பது சுலபம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். இவ்வளவையும் மறுப்பதற்கில்லை. குறை, அது பூஞ்சையைக் கொல்லாமல் வளரவிடாமல் மட்டும் தடுக்கிறது என்பதில் தொடங்குகிறது. பழைய மயிர் உதிர்ந்து புதுமயிர் வரும்வரை, வாரக்கணக்கில், ஒருநாளும் விடாமல் கொடுத்தாக வேண்டும். சினைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, குட்டிகள் ஊனத்தோடு பிறக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. கருப்பனின் எதிர்ப்புச் சக்தி.

நல்ல உடல்நிலையில் இருக்கிற பூனைக்குப் படர்தாமரை வந்தால், மருந்தே இல்லாமல்கூட மூன்று மாத வாக்கில் பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆற்றுவது ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் அல்ல, டி அணுக்கள் என்ற வெள்ளையணுப் படை. அந்தப் படையைத்தான் எஃப்.ஐ.வி. வைரஸ் அரிக்கிறது. 1986ல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் ஒரு பூனைக் கூட்டத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் இது, மனிதரின் எச்.ஐ.வி.க்கு உறவுக்காரன். மனிதருக்குத் தொற்றாது. பூனைக்குப் பூனை, முக்கியமாக ஆழமான கடியால் பரவும். சண்டைக்காரத் தெருக் கடுவன்களுக்கு வர வாய்ப்பு அதிகம். கருப்பனின் கிழிந்த காதைப் பார்த்ததுமே மருத்துவர் கேட்டது இதைத்தான்: "இவனுக்கு எஃப்.ஐ.வி. பார்த்திருக்கீங்களாம்மா?"

பார்த்ததில்லை. ஒரு சொட்டு ரத்தம், கையடக்கமான ஒரு பரிசோதனை அட்டை, பத்து நிமிஷம். எஃப்.ஐ.வி. புள்ளி நீலமாகத் தெரிந்தது. பூனை ரத்தப் புற்றுநோய் வைரஸுக்கான புள்ளி தெரியவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அந்த நீலப் புள்ளிதான் கிரீசியோஃபல்வினை வெளியே தள்ளியது. எலும்பு மஜ்ஜையை அமுக்கி வெள்ளையணுக்களைச் சரியவைப்பது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. எஃப்.ஐ.வி. உள்ள பூனைகளில் அது மிகக் கடுமையாக வருவதை 1990லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஆள் குறைந்த படையின் மிச்ச வீரர்களையும் மருந்தே வெட்டுவதுபோல. படர்தாமரையால் பூனை சாகாது. வெள்ளையணு சரிந்த பூனை, சாதாரணப் பல் ஈறு சீழில்கூடப் போய்விடலாம். முதல் இடத்தில் எழுதிக் கொடுத்த அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை இருந்தது. அதைக் கருப்பனுக்குக் கொடுத்திருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

நல்ல பூனைக்குக் கொடுப்பதென்றாலும் நடுநடுவே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூடையில் அடைத்து, ஆட்டோ பிடித்து, கத்தலைக் கேட்டுக்கொண்டே போய்வர வேண்டும். மாத்திரையில் மிச்சமான காசு அங்கே போய்விடும்.

இட்ராகோனசோல் வேறு வழியில் வேலை செய்கிறது. பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிராலைச் செய்யவிடாமல் மறிக்கிறது. எனக்குப் பிடித்த குணம், அது மயிரிலும் தோலிலும் போய்ப் படிந்து, கொடுப்பதை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தங்கிவிடுவது. அதனால்தான் ஒரு வாரம் கொடு, ஒரு வாரம் விடு என்ற முறை செல்லுபடியாகிறது. கிலோவுக்கு 5 மி.கி., தினம் ஒரு வேளை, மூன்று மருந்து வாரங்கள், நடுவில் இரண்டு ஓய்வு வாரங்கள். பூனைக்கென்றே செய்த திரவ மருந்துக்கு அமெரிக்காவில் 2016ல் அனுமதி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது மனிதர்களுக்கான 100 மி.கி. காப்ஸ்யூல்தான்.

குட்டி 1.2 கிலோ. அதற்கு வேண்டியது 6 மி.கி., காப்ஸ்யூலில் பதினாறில் ஒரு பங்கு. உள்ளே கசகசாபோல் உருண்டைக் குருணைகள். மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி கறுப்பு அட்டையில் கொட்டி, பழைய ஏ.டி.எம். அட்டையால் இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாகப் பிரிப்பேன். மின்விசிறியை நிறுத்தாமல் முதல்நாள் செய்து, பாதி தரையில் உருண்டது. பிரித்த பங்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனில் கலந்தால் குட்டி தட்டை நக்கித் துடைத்துவிடும். குருணையைச் சாப்பாட்டோடு கொடுப்பதே முறை. தண்ணீரில் கரைத்து ஊற்றலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம், அளவும் உறிஞ்சலும் கெட்டுவிடும்.

இதற்கும் பக்கவிளைவு உண்டு. வாந்தி, பசியின்மை, கல்லீரல். இரண்டாவது சுற்றின் நாலாம் நாள் கருப்பன் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். உடனே கல்லீரல் பரிசோதனை செய்தோம், அளவுகள் சரியாக இருந்தன. இரண்டு நாளில் பசி திரும்பியது. கல்லீரல் கோளாறு உள்ள பூனை, வேறு மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும் பூனை என்றால் இதையும் மருத்துவர் யோசித்துத்தான் கொடுப்பார். சினைக்கு இதுவும் ஆகாது.

மேல்பூச்சு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன். மைகோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்புவால் வாரம் இருமுறை குளிப்பாட்டி, நுரையைப் பத்து நிமிஷம் உடம்பில் ஊறவிட்டோம். அது மயிரில் ஒட்டிய வித்துகளைக் கொல்லும். உள்ளே மயிர்க்காலில் இருப்பதற்கு வாய்மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த மூன்று மருந்து க்ரீமைத் தயவுசெய்து பூசாதீர்கள். சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், பூனை நக்கியும் விழுங்கும்.

வீட்டுச் சுத்தத்தில் எந்த மருந்துக்கும் சலுகை கிடையாது. உதிர்ந்த மயிரில் வித்துகள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். தினமும் மயிரைக் கூட்டி அள்ளி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, அதற்கப்புறம் நீர்த்த ப்ளீச். துணிகளை இரண்டு முறை துவைத்தோம்.

டெர்பினாஃபினும் பூனைகளுக்குக் கொடுக்கிறார்கள். நான் கொடுத்துப் பார்த்ததில்லை, அதனால் அதை இந்தத் தராசில் ஏற்றவில்லை. கிரீசியோஃபல்வினைத் தவிர வேறு கிடைக்காத ஊரில், எஃப்.ஐ.வி. இல்லை என்று பார்த்த, சினையில்லாத பெரிய பூனைக்கு ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுக்க மருத்துவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். எஃப்.ஐ.வி. பார்க்காமல் கொடுப்பதைத்தான் ஏற்கமுடியவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குப் பரிசோதனையில் எஃப்.ஐ.வி. என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். தாயின் எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம், வளர்ந்தபின் திரும்பப் பார்க்க வேண்டும். வருஷாவருஷம் போடும் பூனைத் தடுப்பூசி பான்லுகோபீனியா, ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களுக்கானது. எஃப்.ஐ.வி.க்கோ படர்தாமரைக்கோ அது காவல் இல்லை.

குட்டி ஐந்து வாரத்தில் தேறிவிட்டது, காதில் பூனைமயிர் பட்டுபோல் முளைத்தது. மகளின் கையும் தோல் மருத்துவர் கொடுத்த களிம்பில் ஆறியது. கருப்பனுக்கு மூன்று சுற்று போதவில்லை. ஊடகம் மறுபடி சிவந்தது. இன்னும் இரண்டு சுற்று கொடுத்தோம். போன வாரம் பார்த்தபோது மூன்று வாரம் கழிந்தும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொரு முறையும் அப்படியே வரட்டும் என்கிறார் மருத்துவர். அதுவரை அவன் பின்னறையில் இருக்கிறான், மகள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.