உரம், களைக்கொல்லி, விதை எல்லாம் ஒரே காலையில்: இந்தப் புல்தரைப் 'பேக்கேஜ்' வேண்டவே வேண்டாம்

வசந்தம் தொடங்கியதும் "ஒரே நாளில் புல்தரையைப் புதுசாக்கித் தருகிறோம்" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

100 சதுர மீட்டர் புல்தரை. குளிர்காலம் முடிந்தபோது அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. வந்தவர்கள் ஒரு காலைப்பொழுதில் உரம் போட்டு, களைக்கொல்லி அடித்து, மண்ணைக் குத்தி, விதையும் தூவிவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் தரை கரும்பச்சை. மீதிப் பணமும் கைமாறியது. பத்தாம் நாள் புல் வரிவரியாகப் பழுப்பேறியது. ஆறு வாரமாகியும் சொட்டைகளில் ஒரு விதை முளைக்கவில்லை.

அந்தக் கரும்பச்சைதான் ஏமாற்றின் மையம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தால் ஓரிரு நாளிலேயே புல் கறுத்த பச்சையாகும், பாசியும் கருகும். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) துளியும் இல்லை. வேரும் வளராது, சொட்டையும் மூடாது. நடைபாதைக் கல்லில் துருநிறக் கறை இருந்தால் அடித்தது அதுவே.

பழுப்பு வரிகளுக்குக் காரணம் விட்டுப்போன காலிப் பையில் இருந்தது. 46-0-0, அதாவது யூரியா, 5 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. கணக்குப் போட்டால் 2.3 கிலோ, சதுர மீட்டருக்கு 23 கிராம். கரையும் வகை உரத்தில் ஒரு தடவைக்கு 5 கிராம் தழைச்சத்துதான் உச்ச வரம்பு, வசந்தத்தில் அதில் பாதியே போதும். 5 கிராமுக்கே இந்தத் தரைக்கு ஏறக்குறைய 1.1 கிலோ யூரியாதான் ஆகும். அளவு மீறினால் உரத்தின் உப்பு வேரிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். உரம் தூவும் வண்டியின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் இரட்டிப்பு விழும், அங்கேதான் வரிவரியாகக் கருகும். சரியான முறை, அளந்த உரத்தில் பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, உடனே நீர் பாய்ச்சுவது. நீர் விடாமல் கிடக்கும் யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மெதுவாகக் கரையும் உரமாக இருந்தால் இந்த ஆபத்துகள் பெரிதும் குறையும்.

விதை ஏன் முளைக்கவில்லை? அடித்த களைக்கொல்லி முளைப்பைத் தடுக்கும் வகை. களை விதை எது, புல் விதை எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் செய்து இரண்டுக்கும் பணம் வாங்குவது அறியாமையாக இருந்தாலும் சரி, தெரிந்தே செய்ததாக இருந்தாலும் சரி, நஷ்டம் ஒன்றுதான். முளைத்த களையின் இலையில் அடிக்கும் இலைவழிக் கொல்லியானாலும் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி கழிந்தபிறகே விதைக்க வேண்டும். பல மருந்துகளுக்கு அது சுமார் நான்கு வாரம்.

மண்ணைக் குத்தியதும் கண்துடைப்பு. ஆணி உருளை மண்ணை வெளியே எடுப்பதில்லை. துளையின் சுற்றுப்புறத்தை இன்னும் இறுக்குகிறது, களிமண்ணில் நிலைமை மோசம். மண்ணை உருவியெடுக்கும் குழல் முனைக் கருவியானால் 7 முதல் 10 செ.மீ. ஆழத்திலிருந்து விரல் பருமன் மண்துண்டுகள் தரையெங்கும் கிடக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவற்றைத் தேடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சொட்டை ஏன் விழுந்தது என்று அந்த ஆட்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஈர மண்ணிலும் ஸ்க்ரூடிரைவர் இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. புல்லைப் பிடித்து இழுத்தால் பாய்போலச் சுருண்டு வந்தால் அடியில் வேர் தின்னும் வெள்ளைப்புழு. நடுவில் காய்ந்து, சுற்றிலும் அடர்பச்சை வளையம் இருந்தால் பெரும்பாலும் நாயின் சிறுநீர். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மண்ணின் கார அமில நிலையைச் சோதிக்காமல் சுண்ணாம்பு போடச் சொல்பவரையும் அனுப்பிவிடுங்கள்.

வேலைக்கு விடுமுன் எழுதி வாங்க வேண்டியவை: உரப் பையில் 46-0-0 போல இருக்கும் மூன்று எண்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், களைக்கொல்லியின் பெயர், விதைப்பையின் சீட்டு. சீட்டில் முளைப்புத் திறனும் சோதனைத் தேதியும் இருக்க வேண்டும். ஓராண்டு ரை புல் அதிகம் கலந்த விதை ஒரு வாரத்தில் பச்சை காட்டும், அடுத்த ஆண்டே சொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஏற்கெனவே கருகத் தொடங்கியிருந்தால் காலிப் பையையும் டப்பாவையும் படமெடுத்து வைத்துவிட்டு உடனே தரைக்கு நீர் பாய்ச்சத் தொடங்குங்கள். நீர் வடியும் மண்ணானால் நாளுக்கு 2 செ.மீ. அளவு, தொடர்ந்து சில நாள். தரையில் ஒரு தட்டையான டப்பா வைத்து அளக்கலாம். புது உரம் கூடாது. முளைப்புத் தடுப்பான் அடித்த தரையில் அதன் காலக்கெடு முடியும்வரை விதை வாங்கிக் கொட்டாதீர்கள். இலையுதிர்காலத் தொடக்கத்தில் செத்த புல்லை வாரி, மேல்மண்ணை ஒரு செ.மீ. கிளறி, சொட்டைக்குச் சதுர மீட்டருக்கு 35 கிராம் விதை தூவி, முளைக்கும்வரை மேற்பரப்பு காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.