‘எக்ஸிகியூட்டிவ் வெல்னஸ்’ பெக்கேஜ்: திருகோணமலை வியாபாரிகள் காசு கட்ட முதல் வாசியுங்கள்

திருகோணமலையில் கடை, களஞ்சியம், ஹொட்டேல், லொறி என்று ஏதாவது நடத்துகிறவர்களைக் குறிவைத்து மூன்று மாத உடற்பயிற்சிப் பெக்கேஜ் ஒன்று விற்கிறார்கள். பெயரில் ‘எக்ஸிகியூட்டிவ்’ கட்டாயம் இருக்கும். விலை 185,000 ரூபாய். நானும் கட்டினேன். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் ஆட்களின் பெயரை எழுதவில்லை. ஆனால் விற்கும் விதத்தைச் சொன்னால் போதும், வந்து நிற்கும்போதே உங்களுக்கு ஆள் பிடிபடும்.

இவர்கள் ஜிம்முக்குப் போகிறவர்களைத் தேடுவதில்லை. உப்புவெளிப் பக்கம் ஹொட்டேல்களில் வியாபாரிகள் கூடுகிற காலைச் சாப்பாட்டுக் கூட்டம் இருக்கிறதே, அங்கேதான் வருவார்கள். கோட்டு, டை, கையில் டெப். “சேர், உங்களுக்கு ஜிம்முக்கு வர நேரம் இருக்காது, நாங்கள் உங்கள் ஒபிசுக்கே வாறம். கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிஷம்” என்பார்கள். கேட்க நல்லாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான பயிற்சி, அல்லது மூச்சு வாங்கும்படியான பயிற்சி 75 நிமிஷம், அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று இருக்கிறது. இவர்கள் தருவது 60 நிமிஷம். அதிலும் என் விஷயத்தில் பாதி நேரம் கதிரையில் இருந்தபடி கையைத் தூக்கி இறக்கியதுதான்.

அடுத்தது மிஷின். ஆளை விழுத்துவதே அதுதான்.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். பின்னேரம் மூன்று மணி இருக்கும். சீமெந்து லொறி இறக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல் மேல்மாடிக்கு ஏறினேன். செருப்பைக் கழற்றச் சொல்லி உருக்குத் தட்டில் ஏற்றினார்கள். சின்னப் பில் மாதிரி ஒரு துண்டு வெளியே வந்தது. நிறை 86 கிலோ, கொழுப்பு 34 வீதம். எனக்கு வயது 52. மிஷின் சொன்ன ‘உடம்பு வயது’ 66. பயிற்றுநர் தம்பி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். பிறகுதான் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்தார்.

இந்த மிஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதத்தின் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டு, அதற்கு உடம்பு எவ்வளவு தடை கொடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீருள்ள தசையில் மின்சாரம் இலகுவாக ஓடும், கொழுப்பில் ஓடாது. மிச்சம் எல்லாம் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் கொழுப்பு கூடுதலாகவே காட்டும். வெயிலில் காய்ந்துவிட்டு வந்த மனிதனை ஏற்றினால் வேறு என்ன காட்டும்? (நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது. அதையும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.)

பாதிப் பெக்கேஜ் முடிந்ததும் திரும்ப அளந்தார்கள். நிறை 85 கிலோ, கொழுப்பு 26 வீதம். கைகொடுத்தார்கள், என்னையும் துண்டையும் சேர்த்துப் படம் எடுத்து வியாபாரிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் காசு கட்டினார்கள். பெல்ட் மட்டும் பழைய ஓட்டையிலேயே நின்றது.

எங்கள் கடையில் கணக்குப் பார்க்கிற பிள்ளை இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்குலேட்டரைத் தட்டினாள். “முதலாளி, இருப்பு சரிவரவில்லை” என்றாள். 86 கிலோவில் 34 வீதம் என்றால் கொழுப்பு 29 கிலோ. 85 கிலோவில் 26 வீதம் என்றால் 22 கிலோ. ஏழு கிலோ கொழுப்புப் போயிருக்கிறது, நிறையோ ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் கதிரையில் இருந்து கையாட்டியே ஆறு கிலோ தசை வளர்த்திருக்க வேண்டும். சந்தைக்குப் போகிற கோழிக்குக்கூட அப்படி நிறை ஏறாது.

பிறகு அவளே துண்டின் மேல் வரிகளைக் காட்டினாள். முதல் துண்டில் உடல் வகை என்ற இடத்தில் ‘ஸ்டாண்டர்ட்’. இரண்டாவதில் ‘அத்லெட்டிக்’. அது விளையாட்டு வீரர்களுக்கான கணக்கு. கிழமைக்குப் பத்து மணித்தியாலமளவு கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு என்று இந்த வகை மிஷின்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும். பொத்தானை மாற்றினால் அதே உடம்புக்குக் கொழுப்பு குறைவாக வரும். தெரிந்த ஒருவரிடம் இதே மாதிரி மிஷின் இருந்தது. அதில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விதமாகவும் ஏறி நின்றேன். ஏழு, எட்டு வீதம் வித்தியாசம் அந்த இடத்திலேயே வந்தது. அவர்களிடம் கேட்டபோது, “நீங்கள் இப்ப அத்லெட் லெவலுக்கு வந்திட்டீங்கள் சேர், அதுதான் மாத்தினம்” என்று சிரிக்காமல் சொன்னார்கள்.

காசு போனதைக்கூட விடலாம். உண்ணாவிரதம் போடச் சொன்னதை விட முடியாது.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் குடிக்கிறேன். பதிவுப் படிவத்தில் வருத்தம் பற்றி எழுதியும் இருந்தேன். அதை யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. இராத்திரி எட்டு மணிக்குப் பிறகு மறுநாள் பகல் பன்னிரண்டு வரை தண்ணீர், வெறும் தேத்தண்ணி மட்டும். குளிசைகளை வழமைபோல எடுங்கள் என்று அவர்களுடைய ‘டொக்டர்’ வட்ஸ்அப்பில் எழுதினார். கிளிக்லசைட் சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கிற குளிசை. ஒரு நாள் பதினொரு மணிபோல், கடையில் இரும்புக் கம்பிகளை எண்ணிக்கொண்டு நிற்கும்போது கை நடுங்கி, சேர்ட் தொப்பலாக நனைந்து, எண்ணிக்கை மறந்துபோனது. லொறிப் பெடியன்தான் சுதாகரித்து, மூன்று கரண்டி சீனி போட்டு பிளேன்டீ கொண்டுவந்தான். குளுக்கோமீட்டரில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

நான் வழமையாகக் காட்டும் டொக்டர் அந்த வட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுக் கத்தினார். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு பிடிக்கிற சீனி வருத்தக்காரர்கள் நோன்பு தொடங்க முதலே தன்னிடம் வந்து குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு போகிறார்கள் என்றார். அந்த ‘டொக்டரின்’ மருத்துவச் சபைப் பதிவு இலக்கத்தைப் பிறகு கேட்டேன். அவர் ஊட்டச்சத்து ஒன்லைன் கோர்ஸ் முடித்தவராம்.

கப்ஸ்யூல் வேறு விற்கிறார்கள், கொழுப்பை எரிக்குமாம். ஒரு போத்தல் 14,500 ரூபாய். லேபளில் பெரிய எழுத்தில் ‘கார்சீனியா’. அது நாங்கள் மீன்குழம்புக்குப் போடுகிற கொறக்காப்புளியின் இனம்தான். குழம்பில் ஒரு துண்டு போடுவது வேறு, அதன் சாற்றைச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவது வேறு. அப்படி விழுங்கியவர்களுக்கு ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நிறை குறைவதோ இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான். என் போத்தல் சீல் உடைக்காமலே கிடக்கிறது.

காசைத் திருப்பிக் கேட்டால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ‘உடல்நலக் காரணங்கள் உட்பட எக்காரணத்துக்கும் பணம் மீளளிக்கப்படாது’ என்று இருக்கிறது. நுகர்வோர் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளை மட்டுமல்ல, சேவையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அழைக்க வேண்டிய இலக்கம் 1977. சுணங்காமல் எழுத்தில் கொடுங்கள். துண்டு, ரசீது, வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அந்த மிஷின் துண்டில் மை சீக்கிரம் மங்கிவிடும், முதல் வேலையாக அதைப் படமெடுங்கள்.

உண்மையில் உடம்பைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அரச ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011இலிருந்து இருக்கின்றன. பிரஷர், சீனி, நிறை எல்லாம் இலவசம். வீட்டில் தையல் டேப் இருந்தால் இடுப்பை அளந்து பாருங்கள். நம் பகுதி ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டினால் டொக்டரிடம் போக வேண்டும். அந்த டேப்பில் மாற்றுவதற்குப் பொத்தான் இல்லை. நான் இப்போது காலையில் கடை திறக்க முதல் உட்துறைமுக வீதியால் நடக்கிறேன். அதற்கு ஒருவரும் பில் தருவதில்லை.

ஏற்கெனவே சேர்ந்தவர்கள் இரண்டு துண்டையும் எடுத்து உடல் வகை என்ற வரியைப் பாருங்கள். மாறியிருந்தால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்கலாம். மட்டக்களப்பிலும் ஆள் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி, அங்கே வியாபாரம் செய்கிற சொந்தக்காரர் இருந்தால் இன்றைக்கே இதை அனுப்பிவிடுங்கள்.